ஆறு விநாடி

அந்த நான்கு எண்களும் கமலவேணிக்குத் துல்லியமாக நினைவிருந்தன. ஏழு, மூன்று, ஒன்று, ஆறு. கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நிற்கிறான், நம்பர் உன் போனுக்குத்தான் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு என்று கணவர் பொன்னரசு வீட்டிலிருந்து போனில் அவசரப்படுத்தினார். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, இடக்கைக் கட்டைவிரலால் திரையைத் தேய்த்து, எண்களைப் படித்தாள். அவர் மூன்றை ஐந்தென்று கேட்டுக்கொண்டு "அஞ்சா?" என்றார். "மூணு, மூணு" என்று இவள் கத்தினாள். எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த நேரத்தில் வலதுகை எங்கே இருந்தது என்பதும் தெரியும். சோதனைக் கூடத்தின் பின்புறம், முழங்கால் உயரத்தில் இருந்த வடிகால் வால்வின் மேல் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன இரும்புச் சக்கரம், சில்லென்று இருந்தது. அதைத் திறந்து, முந்தைய சோதனையில் குழாயில் தங்கிய தண்ணீரை வடியவிட்டாள். அதுவரை சரி. பிறகு மூடினாளா? மூடியிருப்பாள். முப்பது முறை மூடியிருக்கிறாள், முப்பத்தோராவது முறை மட்டும் ஏன் விட்டிருக்கப்போகிறாள்? ஆனால் அந்த முப்பது முறையும் யாரும் போன் செய்யவில்லையே. லீவர் வைத்த வால்வு என்றால் பார்த்தாலே தெரியும், குழாயோடு படுத்திருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சக்கரத்துக்கு முகமே கிடையாது. திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். இது செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்று வியாழன், மணி இரண்டரை. நான்கு மணிக்குள் அவள் மேஜைமேல் கிடக்கிற மூன்று பக்க அறிக்கையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கடலை ஒட்டிய அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் அவள் குழாய் வடிவமைப்பாளர். பதினாறு வருஷமாக. அதில் கடைசி மூன்று வருஷம் ஒரே வேலைதான், போர்க்கப்பலில் தீயணைக்கிற மிஸ்ட் குழாய். தண்ணீரைக் கொட்டாமல், மார்கழி விடியலின் மூட்டம் மாதிரி நுணுக்கித் தெளித்தால் தீ மூச்சுமுட்டிச் சாகும், கப்பலும் தண்ணீரால் கனத்துச் சாயாது. சாதாரணக் கப்பலுக்கு இது பெரிய வித்தையில்லை. போர்க்கப்பலுக்குத்தான் சிக்கல், ஏனென்றால் அங்கே தீயைக் கொண்டுவருகிற குண்டே குழாயையும் அறுத்துவிட்டு வரும். அறுந்த குழாய் வழியாகத் தண்ணீர் வீணே பாய்ந்தால் மொத்தக் கப்பலுக்கும் அழுத்தம் போய்விடும். அதனால் குழாயை வளையமாகப் போட்டாள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரட்டும். வளையத்தில் இடையிடையே தானாக மூடிக்கொள்ளும் வால்வுகளை வைத்தாள். குண்டு விழுந்த கப்பலில் மின்கம்பியும் கம்ப்யூட்டரும் இருக்கும் என்று நம்ப முடியாது, ஒவ்வொரு வால்வும் தன் வழியாகப் போகிற தண்ணீரை மட்டும் பார்த்து, யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்ய வேண்டும். யாரையும் கேட்காமல். இதைச் சொன்ன அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. வால்வுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று, அழுத்தம் விழுந்துவிட்டது, தண்ணீர் வேகமாகப் போகிறது. எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. குழாய் அறுந்து வீணாகவும் போகலாம், மூட்டத்தைத் தெளிக்கிற பத்து நாசிலும் ஒரேயடியாகத் திறந்து பெரிய தீயைப் பார்த்தும் போகலாம். இரண்டும் வால்வுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். தீ என்றால் பம்பு வேகமெடுத்து நான்கு விநாடியில் அழுத்தத்தை மேலே கொண்டுவந்துவிடும். இன்னும் இரண்டு விநாடி கூடுதலாக வைத்துக்கொள். ஆறு விநாடி ஆகியும் ஏறவில்லையென்றால் குழாய் அறுந்துவிட்டது, மூடிக்கொள். ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது? கணக்கிலிருந்து வந்தது. கணக்கில் ஐந்தரையும் வந்தது, ஏழும் வந்தது. ஒன்பது வைத்தால் அறுந்த பக்கம் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும், நல்ல பக்கத்து நாசிலில் மூட்டம் போய் வெறும் தூறல் விழும். தூறலுக்குத் தீ அடங்காது. ஆறு பார்க்க நன்றாக இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

செவ்வாயன்று மூன்று சோதனை. என்ஜின் அறை அளவுக்கு இரும்பில் கட்டிய கூடம், வளையத்தில் ஒரு துண்டு, இரண்டு புறமும் வால்வு. முதல் சோதனையில் தட்டில் தீயை மூட்டி, குழாயை அறுத்த மாதிரிச் செய்தார்கள், வால்வு ஆறாவது விநாடியில் மூடியது. சபாஷ். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் குழாய் அறுபடவில்லை, தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்திப் பத்து நாசிலையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அழுத்தம் விழுந்தது, ஏறவேயில்லை. ஆறாவது விநாடியில் வால்வு மூடிக்கொண்டது. முழுசாக எரிகிற தீயின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. மூட்டம் மெலிந்தது, அடங்கப் பார்த்த தீ நிமிர்ந்தது. கடைசியில் நுரை அடித்துத்தான் அணைத்தார்கள். வடிகால் திறந்திருந்தால் இதற்கு அர்த்தமுண்டு. தண்ணீரில் ஒரு பங்கு வடிகால் குழிக்குள் ஓடியிருக்கும், பம்பால் ஈடுகொடுக்க முடிந்திருக்காது, வால்வு ஒழுக்கைச் சரியாகவே கண்டுபிடித்து மூடியிருக்கிறது. வால்வு யோக்கியம், கமலவேணிதான் கவனக்குறைவு. வடிகால் மூடியிருந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வால்வுக்குத் தீயும் தெரியவில்லை, அறுந்த குழாயும் தெரியவில்லை. வரைபடத்தில் அந்த என்ஜின் அறையின் மூலையில் 'பணியில் ஆட்கள் 9' என்று எழுதியிருக்கும். அவள்தான் எழுதினாள். ஒன்பது பேரை மனசில் நிறுத்தப் பார்த்தாள். முகம் வரவில்லை. நீல உடையும் முதுகும்தான் வந்தன. முதுகெல்லாம் வியர்வை. உடனே, ஒன்பது என்பது பழைய கணக்கோ, திருத்திய படத்தில் பதினொன்று என்று மாற்றினோமோ என்று ஒரு சந்தேகம். இதுவுமா மறந்துபோகும்? படத்தை விரித்துப் பார்த்தாள். ஒன்பதுதான். பார்த்த பிறகும் சந்தேகம் போகவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வலதுகையில் வந்து உட்கார்ந்தது.

கையைத் திருப்பிப் பார்த்தாள். கை ஏதாவது சொல்லுமா என்று கண்ணை மூடி, காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்தாள். வலப்பக்கம் திருப்பினால் மூடும். வலப்பக்கம் திருப்பின மாதிரியும் இருந்தது, திருப்பாத மாதிரியும் இருந்தது. வீட்டுச் சமையலறையில் பிளம்பர் குழாயை ஏறுமாறாக மாட்டிவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது, அங்கே இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். பொன்னரசு கேஸைப் பற்றிப் பேச்செடுத்ததும் மனசு சமையலறைக்குப் போய்விட்டதோ, கையும் கூடவே போய் இடப்பக்கம் திருப்பிவிட்டதோ? அப்படியென்றால் மூடுகிற நினைப்பில் இன்னும் அகலமாகத் திறந்திருப்பாள். இந்த நினைப்பு வந்ததும் அது உண்மைதான் என்று பட்டது. ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. சரி, என் தப்புதான், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்புறம் எதிர்ப்புறத்து மேஜையில் யாரோ பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அது இறுகும்போது வருகிற சின்னக் கிரீச். அந்தக் கிரீச்சைச் செவ்வாயன்றும் கேட்டோமே, வால்வு இறுகும்போது வரும் கிரீச்! கேட்டோமா, இல்லை இப்போது கேட்டதைச் செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டுபோய் வைக்கிறோமா? இரண்டு நாளாக இப்படித்தான். நினைவைத் தொடத்தொட அதில் இவள் கைரேகைதான் கூடிக்கொண்டு போகிறது. முதலில் என்ன இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இதற்குள் இன்னொரு கேள்வி வேறு பூச்சி மாதிரி ஊர்ந்தது. நான் ஏன் கையெழுத்துப் போடத் தயங்குகிறேன்? ஒன்பது பேருக்காகவா, இல்லை 'கமலவேணி வால்வை மூட மறந்தார்' என்று காகிதத்தில் ஏறிவிடுமே என்பதற்காகவா? பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குத் தப்பென்று ஒத்துக்கொள்ள வாய் வராது, அம்மாவே சொல்லுவாள். அப்படியென்றால் இந்தச் சந்தேகம் மனசாட்சியே இல்லை, வெறும் வீம்பு. அது மனசாட்சியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. அப்படியும் இருக்கலாம். ஆனால் வீம்பாக இருந்துவிட்டால் மட்டும் வடிகால் திறந்திருந்ததாக ஆகிவிடுமா?

மூன்று மணிக்குத் தலைமை வடிவமைப்பாளர் நரசிம்மவரதன் வந்து நின்றார். வாசனைப் பாக்கு மணம் முதலில் வந்தது, பிறகு அவர். "என்ன, இன்னும் போடலையா? நேவி கமாண்டர் நாலு மணிக்கு வர்றார். முதல் ரன்னை அவர் முன்னாடி ஒருதரம் செஞ்சு காட்டிட்டு, ரிப்போர்ட்டைக் கையில குடுத்துட வேண்டியதுதான்." அவள் இரண்டாம் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க 'வடிகால் வால்வு திறந்திருந்ததால்'னு எழுதியிருக்கு சார்." "நீங்கதானே சொன்னீங்க?" "திறந்திருந்திருக்கலாம்னு சொன்னேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கோபமில்லை, களைப்பு. "கமலவேணி, 'இருக்கலாம்'னு எழுதினா அவங்க மூணு மாசம் கேள்வி கேட்பாங்க. அங்க கப்பலுக்குத் தகடு வெட்டறதுக்குத் தேதி குறிச்சாச்சு. ஒரு வால்வை மூட மறந்துட்டீங்க, அவ்வளவுதானே? யாரும் உங்களைத் தூக்குல போடப்போறதில்ல. நானே எவ்வளவு மறந்திருக்கேன்." அவர் நல்ல மனுஷர். அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இரண்டு மாதம் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். நல்ல மனுஷர் சொல்கிறபோது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அவர் போய்விட்டார். பேனா முனை காகிதத்துக்கு மேலே நின்றது. கீழே இறங்கினால் 'இருக்கலாம்' செத்து 'இருந்தது' பிறந்துவிடும். பிறகு கப்பல் கடலுக்குப் போகும், வளையம் கப்பலுக்குள் இருக்கும், ஆறு விநாடி வளையத்துக்குள் இருக்கும், யாரையும் கேட்காமல். அறிக்கையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள்.

சோதனைக் கூடம் தளத்தின் கடைசியில், கருவேலங்காட்டுக்குப் பக்கத்தில். வெயில் தார்ரோட்டில் அலையலையாக ஆடியது. கூடத்துக்குப் பொறுப்பாளர் சூசைமிக்கேல், தூத்துக்குடிக்காரர், கடற்படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். இவளுக்கும் அந்தப் பக்கந்தான் ஊர் என்று தெரிந்த நாளிலிருந்து ஆள் இல்லாதபோது 'எம்மா' என்பார். நான்கு மணிச் சோதனைக்காகத் தட்டில் டீசலை ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க எம்மா. சாப்ட்டியளா? மூஞ்சி வாடிக் கெடக்கு." அவள் நேராகக் கேட்டாள். "அண்ணாச்சி, அன்னைக்கு மூணாவது தடவ, வடிகால் மூடியிருந்துச்சா, திறந்திருந்துச்சா?" அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "நுரை அடிச்ச பொறவு லைன்ல இருந்த எல்லா வால்வையும் திறந்துவிட்டது நாந்தான். அப்ப அது எப்படி இருந்துச்சுன்னு நான் பார்க்கல. பார்த்திருக்கணும். ரெண்டு நாளா நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்." இங்கேயும் ஒன்றுமில்லை. நிழலில் கவிழ்த்துப்போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கேட்காமலே பேசினார். "தொண்ணூத்தாறுல ஒரு கப்பல்ல இருந்தேன். என்ஜின் ரூம்ல தீ. நான் மேல, உள்ள இறங்குற வாசல் மூடிகிட்ட நிக்கேன். எல்லாரும் வந்தாச்சுன்னு ஒருத்தன் கத்துதான். ஒரு ஆளு உள்ள இருக்காம்னு இன்னொருத்தன் கத்துதான். ரெண்டும் காதுல விழுது. மூடுன்னு ஆபீசர் சொன்னாரு, மூடிட்டேன்." கையில் ஒட்டியிருந்த டீசலை முழங்காலில் துடைத்தார். "உள்ள ஆளு இருந்தாரும்மா. ஒரிசாக்காரர், எங்கூட சீட்டாடுவாரு. அந்தாள் பின்பக்கத்து ஏணி வழியா ஏறி வந்துட்டாரு. முடி மட்டும் கருகிப்போச்சு. எல்லாரும் என்னயத் தட்டிக்குடுத்தாங்க, சரியான நேரத்துல மூடுனே, கப்பலக் காப்பாத்துனேன்னாங்க. அவரு வந்தது அவரோட நல்லகாலம். ஆனா நான் மூடயில அது எனக்குத் தெரியாதுல்லா?" எழுந்து மறுபடி டீசல் டப்பாவை எடுத்தார்.

தெரியாது. தெரியாமலே மூடினார். அவருக்கு நேரமில்லை, தீ காலடியில் நின்றது. எனக்கு? எனக்கு நான்கு மணிவரைக்கும் இருக்கிறது, டீசல் இருக்கிறது, பத்து நாசிலும் பம்பும் இருக்கிறது. இரண்டு நாளாக ஏன் செவ்வாய்க்கிழமைக்குள்ளேயே நின்று தேடுகிறோம், தொலைந்த இடத்தில் தேடவேண்டும் என்பதாலா? செவ்வாய்க்கிழமையில் இனி ஒன்றும் இல்லை. அறிக்கையை முழங்கால்மேல் விரித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் எழுதினாள்: 'மூன்றாவது சோதனையின்போது வடிகால் வால்வு மூடியிருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. திறந்திருந்தது என்ற வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. சோதனையை மறுபடி செய்ய வேண்டும். கமலவேணி.' இத்தனை வருஷத்தில் 'நினைவில்லை' என்று எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. பைத்தியக்காரி என்பார்களோ? வேலையைப் பிடுங்குவார்களோ? கிழித்துவிடலாமா என்று ஒரு தடவை விரல் ஓரத்தைப் பிடித்தது. அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

கமாண்டர் நம்பியார் ஒல்லியான மனிதர், வெள்ளை உடையில் ஒரு கசங்கல் இல்லை, தமிழ் மலையாள ராகத்தில் வரும். ஜீப்பில் கூடவே வந்த நரசிம்மவரதன் அவளிடம் அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், முகம் வெளிறியது. மறைக்கப் பார்த்தார். கமாண்டர் கையை நீட்டிவிட்டார். படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அந்த நேரத்தில் கமலவேணிக்குக் கருவேலங்காட்டில் ஒரு செம்போத்து கத்துவது மட்டும் கேட்டது. "நினைவில்லை என்று நீங்கள்தானா எழுதியது?" "ஆமா சார்." "வடிவமைத்ததும் நீங்கள்தான்?" "ஆமா சார்." நரசிம்மவரதன் குறுக்கிட்டார்: "சார், அது சின்ன விஷயம், முதல் ரன்னை இப்ப..." "முதலாவது வேண்டாம்," என்றார் கமாண்டர். "மூன்றாவதைச் செய்யுங்கள்."

கமலவேணி கூடத்தின் பின்புறம் போனாள். சூசைமிக்கேல் கூடவே வந்தார். சின்னச் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினாள், நின்றது, இன்னும் அழுத்தினாள். "மூடிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். அவரும் பிடித்துப் பார்த்து, "மூடியாச்சு" என்றார். கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். தீ பற்றியது, டீசல் கரும்புகையோடு கூரைவரை எழுந்தது. பத்து நாசிலும் திறந்தன. வெள்ளை மூட்டம் இறங்கியது. ஒன்று. எனக்கு எது நடக்க வேண்டும்? இரண்டு. அழுத்தம் ஏறினால் செவ்வாயன்று வடிகாலைத் திறந்துவிட்டவள் நான்தான், ஒரு நாள் தப்பு. ஏறாமல் வால்வு மூடினால் அந்த ஆறை எழுதினவளும் நான்தான், மூன்று வருஷத் தப்பு. மூன்று. இரண்டுமே என் கைதான், இதில் எதற்கு வேண்டிக்கொள்வது? நான்கு. அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் அசைந்தது, ஏறுகிறதா, ஏறு, ஏறு. எதற்கு வேண்டுகிறாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, உள்ளே யாருமில்லாத அந்தக் கூடத்தில் ஒன்பது முதுகுகள் இருந்தன. ஐந்து. முள் நின்றுவிட்டது. ஆறு. இரும்பில் சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வால்வு மூடிக்கொண்டது. மூட்டம் கிழிந்து, நடுவிலிருந்து தீ எழுந்து நின்றது. சூசைமிக்கேல் நுரைக்குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

புகை மெல்ல அடங்கியது. கமலவேணிக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, புகையால்தான். பயம் போகவில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது நின்றுவிட்டிருந்தது.

"வடிகால் மூடியிருந்தது," என்றார் கமாண்டர்.

"மூடியிருந்துச்சு சார். வால்வுதான் தப்பு. ஆறு விநாடி தப்பு. நான் வச்சது."

"அப்போ எத்தனை வேண்டும்?"

"தெரியாது சார். விநாடியை மட்டும் மாத்தினா போதுமான்னும் தெரியாது. கூட்டினா, அறுந்த பக்கம் தண்ணி போயிடும். வால்வுக்குள்ள நுழையிற அழுத்தத்தோட வெளிய போற அழுத்தத்தையும் பார்க்கணுமோ என்னமோ. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

அவர் அறிக்கையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் ஆறு மணிவரை இங்கே இருப்பேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலி கேட்டார்.

நரசிம்மவரதன் சன்னல் கண்ணாடியில் படிந்த கரியையே பார்த்துக்கொண்டு நின்றார். கமலவேணி அவர் முகத்தைப் பார்க்காமல், என்ன சொல்வாரோ என்று காத்திருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"மிக்கேல், டீசல் இன்னும் இருக்காய்யா?"

"இருக்கு சார். ரெண்டு தட்டுக்கு வரும்."